தகரவில்லையின் விலை

மலையகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் தேசாதிபதிகளின் அறிக்கைகளையும் தோட்டத்துரைமாரின் குறிப்புகளையும் நாடிச் செல்வதே வழக்கமாயிற்று. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் ஏடுகளை விட்டுச் செல்லவில்லை. எனினும் அவர்களுடைய கைகளிற் புரண்ட உலோகத் துண்டுகள் சில எஞ்சியுள்ளன. அவை இன்று இணையவழி ஏலங்களிலே சேகரிப்பாளர்களின் பண்டங்களாக உலவுகின்றன. அவற்றை விற்பவர் யார், வாங்குபவர் யார், விலையை நிர்ணயிப்பவர் யார் என்று வினவுவது வெறும் வணிக விசாரணையன்று. அதுவும் நமது சரித்திரத்தின் ஓர் அத்தியாயமே.

முதலிலே கோப்பிக் காலத்தைக் கவனிப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து மாட்டுவண்டிகளிற் கொழும்புக்கு வந்த கோப்பியை உலர்த்தித் தோல்நீக்கித் தரம்பிரிக்கும் ஆலைகள் அந்நகரிலே பல இருந்தன. கொட்டை பொறுக்கும் வேலையைச் செய்தவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். சில்லறைக் காசு அருகியிருந்த அந்நாளில், ஆலை முதலாளிகள் தம் பெயர் பொறித்த செப்பு வில்லைகளை வேலைக்கு ஈடாகக் கொடுத்து, பின்னர் அவற்றைப் பணமாக மாற்றிக்கொடுத்தனர். ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனி, வேகந்தை ஆலை, 1843 என்று பொறிக்கப்பட்ட வில்லை நாணயவியலாருக்கு நன்கு அறிமுகமானது. இவ்வில்லைகளை லோஸ்லி என்னும் ஆங்கிலேயர் 1895இலேயே வகைப்படுத்தி எழுதிவிட்டார். கம்பெனிகளின் பெயர்கள், ஆலைகளின் பெயர்கள், உலோகம் என அனைத்தும் அத்தகைய நூல்களில் இடம்பெற்றுள்ளன. பொறுக்கிய பெண்களின் பெயர் ஒன்றேனும் இல்லை. வில்லையை வெளியிட்டவனே அதன் பெறுமதியையும் தீர்மானித்தான். அவனுடைய வாசலைத் தாண்டினால் அது வெறுஞ் செம்பு.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு வேண்டிய கரங்களைத் தமிழகத்திலிருந்து கங்காணிகள் திரட்டினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறையோடு தகரவில்லை சேர்ந்தது. தோட்டத்தைக் குறிக்கும் அடையாளமும் எண்ணும் குத்தப்பெற்ற சிறு உலோக வட்டத்தைத் தாங்கியே புதிய தொழிலாளி கடல் கடந்தான். வழிச்செலவுக்குக் கையிலிருந்து காசு கொடுக்க வேண்டியதில்லை. வில்லையைக் காட்டினாற் போதும். ஆனால் இலவசம் என்று எண்ணியவன் ஏமாந்தான். அச்செலவு கங்காணியின் கணக்கேறி, அங்கிருந்து தொழிலாளியின் தலையிற் கடனாக இறங்கிற்று. கடனைத் தீர்த்தால் இன்னாரை விடுவிக்கலாம் என எழுதிக் கொடுக்கும் 'துண்டு' என்னும் சீட்டுமுறையோ மனிதனையே ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றும் பத்திரமாக விளங்கியது. அது 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இப்பொருட்கள் எவ்வாறு சிதறின? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அட்டனிலும் தலவாக்கலையிலும் கப்பலேறக் காத்திருந்த குடும்பங்கள் பித்தளைக் குடங்களையும் குத்துவிளக்குகளையும் லயத்து வாசலில் வைத்து வந்த விலைக்கு விற்றனவாம். நம் பெற்றோர் இதனைச் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். எடைக்கு விற்கப்பட்டது பித்தளை. எடைக்குக்கூட விலைபோகாத தகரவில்லை றங்குப்பெட்டியின் அடியிலேயே கிடந்தது.

அவ்வாறு கிடந்த வில்லையொன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் நம் பழைய மாணவன் ஒருவன் கொண்டுவந்தான். டிக்கோயாப் பக்கத்து லயத்தைச் சேர்ந்தவன். கொழும்பிலே கடைச் சிப்பந்தி. "சேர், இதுல இருக்கிற எழுத்துக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டான். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெற்ற நமக்கு அதனைப் படிக்கத் தெரியவில்லை. சங்ககாலத்து நாணயம் பற்றிக் கேட்டிருந்தால் ஒருமணி நேரம் பேசியிருப்போம்!

தங்கையின் படிப்புச் செலவுக்காக அவன் அதனை வெளிநாட்டு ஏலத்தளம் ஒன்றில் இட்டான். கைத்தொலைபேசியில் எடுத்த மங்கலான படத்துடன், தெரிந்த ஆங்கிலத்தில், பாட்டி சொன்ன கதையைச் சேர்த்தான்: பூட்டி அதைக் கழுத்திற் கட்டிக்கொண்டு வந்தாள் என்று. எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, சான்று உண்டா என்று வினாக்கள் வந்தன. சான்று இல்லை. ஏழு நாட்களில் இருவரே விலை கேட்டனர். தளத்தின் தரகு, பதிவுத்தபாற் செலவு, பணம் அனுப்புவதற்கான கட்டணம் எல்லாம் கழிந்தபின் கைக்கு வந்தது இரண்டு நாட்கூலிக்கும் குறைவு. அப்பணமும் நேரே வரவில்லை. இலங்கையிலிருந்துகொண்டு இணையக் கணக்குகளில் வெளிநாட்டுப் பணம் பெறுவது நெடுங்காலம் இடர்மிக்கதாக இருந்தமையால், டுபாயில் வேலைசெய்யும் உறவினர் ஒருவரின் கணக்கைச் சுற்றி வந்தது.

சில மாதங்களின் பின் அதே வில்லை மீண்டும் ஏலத்துக்கு வந்தது. இம்முறை படம் தெளிவாயிருந்தது. எழுத்தும் எண்ணும் எந்தத் தோட்டத்துக்குரியவை என்ற விளக்கம் இருந்தது. அதன் கீழே, சற்றே திருத்திய ஆங்கிலத்தில், அவனுடைய பாட்டி சொன்ன கதை. தொடக்க விலையே அவன் பெற்றதைப்போலப் பன்மடங்கு. உலோகத்துக்கு மட்டுமே அவனுக்கு விலை கிடைத்தது. கதையை அவன் இனாமாகக் கொடுத்துவிட்டான்.

இதனை ஒருவனுடைய அனுபவக் குறைவென்று ஒதுக்கிவிடலாமா? இணைய ஏலத்தின் தொடக்கக் கதை நம்பிக்கையூட்டுவதுதான். 1995இல் பியர் ஒமிடியார் தொடங்கிய தளம் பின்னர் ஈபே எனப் பெயர்பெற்றது. அதில் முதலில் விற்ற பொருள் பழுதுற்ற லேசர் சுட்டுகோல் ஒன்று என்பர். உடைந்ததற்கும் உலகின் எங்கோ ஒருவன் விலைதருவான் என்ற ஜனநாயகக் கனவு அது. ஆனால் பொருளியலாளர் ஆல்வின் றொத்தும் அக்செல் ஒக்கன்பெல்சும் 2002இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றையும் காட்டிற்று. முடிவு நேரம் திட்டமாக வரையறுக்கப்பட்ட ஏலங்களில், விடயமறிந்தோர் கடைசிக் கணம்வரை காத்திருந்தே விலை கேட்கின்றனர். பழம்பொருட்களில் இப்போக்கு மேலும் அதிகம். அறிந்தவன் முன்னரே கேட்டால், அப்பொருள் அருமையானதென்று அறியாதவனும் தெரிந்துகொள்வான் அல்லவா? ஆகவே மௌனம் காக்கிறான். விற்பவன் அந்த மௌனத்தையே பொருளின் மதிப்பென்று மயங்குகிறான்.

மலைநாட்டுக்கு ஏலம் புதிதன்று. கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30இல் சோமர்வில் கம்பெனியின் பணிமனையில் ஆரம்பமாயிற்று. 2020 ஏப்ரிலில், பெருந்தொற்றுக் காலத்தில், அதுவும் கணினித் திரைக்கு மாறிற்று. அங்கே தேயிலைக்குத் தரகர் உண்டு. சுவைத்துப் பார்த்துத் தரம் சொல்வோர் உண்டு. அச்சிட்ட விபரப்பட்டியல் உண்டு. கொழுந்து பறித்தவளுக்கு அந்த மண்டபத்தில் என்றும் இடமிருந்ததில்லை. இன்று அவளுடைய கொள்ளுப்பேரன் விற்பவனாக ஏலத்துள் நுழைகையில், அவனுக்காகப் பேசும் தரகனும் இல்லை, பட்டியலும் இல்லை.

விற்காதே என்று அவனுக்கு உபதேசிப்பது எளிது. தங்கையின் கட்டணத்தை உபதேசம் கட்டாது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துகள் சட்டம், அத்தகைய சொத்தென வரையறுக்கப்பட்டவற்றை அனுமதிப்பத்திரமின்றி ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. லயத்துப் பெட்டியிற் கிடக்கும் தகரமும் சொத்தாகலாமென்று அங்கே எடுத்துச் சொன்னவர் யார்? கம்பளைக்கு அண்மையில், நியூ பீகொக் தோட்டத்தின் பழைய லயத்திலே, 2007 முதல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இயங்கி வந்துள்ளது. தொழிலாளரின் கருவிகளும் வீட்டுப் பொருட்களும் அங்கே அவர்களுடைய பெயரால் வைக்கப்பட்டன. கண்டி ஹந்தானையிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்குச் செல்லும் கூட்டம் அங்கே செல்வதில்லை என்பது வேறு விடயம்.

நம் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒரு கொப்பி வைத்திருக்கின்றனர். வீட்டிலுள்ள பழம்பொருளை எவரும் கொண்டுவர வேண்டியதில்லை. அதன் அளவு, பொறிப்பு, வைத்திருப்பவர் சொல்லும் செய்தி ஆகியவற்றை எழுதி, படமெடுத்து, திகதியிட்டு ஒட்டினாற் போதும். விற்க நேர்ந்தால் அப்பக்கத்தின் பிரதி பொருளோடு போகும். மூலம் நம்மிடம் இருக்கும். இதுவரை இருபத்திமூன்று பக்கங்கள் நிரம்பியுள்ளன. அவற்றுள் நான்கு தகரவில்லைகள். இரண்டின் எண்களை இன்னும் நம்மாற் படிக்க இயலவில்லை.