வைரஸ் செருகலும் புற்றுநோயும்: மொன்றியல் ஆய்வுகள் கூறுவது என்ன?

சில வைரஸ்கள் தமது டி.என்.ஏ.வை உயிரணுவின் குரோமோசோமுக்குள் செருகிவிடுகின்றன. அந்த இடம் புற்றுநோயைத் தூண்டவல்ல ஒரு மரபணுவின் அருகே அமைந்துவிட்டால் ஆபத்து ஏற்படுகிறது. இதனைப் புரிந்துகொள்ள உதவிய ஆய்வுகளில் சில கனடாவின் மொன்றியல் நகரில் நடைபெற்றவை.

ஓயாது இயங்கும் மரபணு

ரெட்ரோவைரஸ்கள் தமது ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, அதைக் குரோமோசோமில் நிரந்தரமாகப் பதிக்கின்றன. அந்த டி.என்.ஏ.வின் இரு முனைகளிலும் மரபணுக்களை வலுவாக இயக்கும் பகுதிகள் உள்ளன. வைரஸின் தேவைக்கான இப்பகுதிகள், அருகிலுள்ள உயிரணுவின் மரபணுக்களையும் இயக்கிவிடுகின்றன. இதனால், உயிரணு பெருக வேண்டிய வேளையில் மட்டும் செயற்பட வேண்டிய மரபணு ஓயாது செயற்படத் தொடங்குகிறது.

கோழிகளைத் தாக்கும் வைரஸ் ஒன்று 'மிக்' என்ற மரபணுவை இவ்வாறு தூண்டுவதை 1981ஆம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தனர்.

மொன்றியலில் கிடைத்த தடயம்

வைரஸ் குரோமோசோம்களில் எண்ணற்ற இடங்களில் செருகிக்கொள்ளக்கூடும். ஆனால் வெவ்வேறு விலங்குகளின் கட்டிகளில் அது மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் காணப்பட்டால், அருகே புற்றுநோயுடன் தொடர்புடைய மரபணு இருக்கக்கூடும் என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர்.

இந்த அடிப்படையில் சுண்டெலிகளின் கட்டிகளை ஆராய்ந்த, மொன்றியல் மருத்துவ ஆய்வு நிலையத்தின் போல் ஜோலிக்கர் குழுவினர், 'அஹி-1' என்ற செருகல் இடத்தை 1988இல் அறிவித்தனர். அங்கிருந்த மரபணுவின் மனித வடிவம் பழுதடைவது, ஜூபேர் நோய்க்குறி என்ற மூளை வளர்ச்சிக் குறைபாட்டுக்குக் காரணமாகலாம் என்பது 2004இல் தெரியவந்தது.

சிகிச்சையிலும் ஆபத்து

இந்த ஆபத்து மனிதரிடமும் வெளிப்பட்டது. பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் அற்ற குழந்தைகளுக்கு, பாரிஸில் 1999 முதல் மரபணு சிகிச்சை அளிக்கப்பட்டது. சரியான மரபணுவை உயிரணுவுக்குள் எடுத்துச் செல்ல, சுண்டெலி வைரஸ் ஒன்றிலிருந்து உருவாக்கப்பட்ட ஊர்தி பயன்பட்டது. சிகிச்சை பலனளித்த 9 பேரில் நால்வருக்குப் பின்னர் இரத்தப் புற்றுநோய் ஏற்பட்டது. அவர்களில் ஒருவர் உயிரிழந்தார். முதலில் பாதிக்கப்பட்ட இருவரிடமும் 'எல்.எம்.ஓ.2' மரபணுவின் அருகே அந்த ஊர்தி செருகியிருந்தது. இதன்பின், முனைகளின் தூண்டும் ஆற்றல் நீக்கப்பட்ட ஊர்திகள் உருவாக்கப்பட்டன.

தடுக்கக்கூடிய நோய்

கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸின் கதை சற்று மாறுபட்டது. அதன் டி.என்.ஏ. குரோமோசோமில் செருகிக்கொள்வது ஒரு விபத்தே. அப்போது வைரஸின் கட்டுப்பாட்டு மரபணு சிதைந்தால், உயிரணுவின் காவல் புரதங்களை அழிக்கும் இரு வைரஸ் புரதங்கள் பெருமளவில் உருவாகின்றன.

எனினும், தொற்று புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. மொன்றியலிலும் சென்ட் ஜோன்ஸ் நகரிலும் 10,154 பெண்களிடம் நடத்தப்பட்டு, 2007இல் வெளியான ஆய்வில், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களில் 94.6 சதவீதத்தை ஹெச்.பி.வி. சோதனை கண்டுபிடித்தது. வழக்கமான பாப் சோதனை 55.4 சதவீதத்தையே கண்டுபிடித்தது.

இலங்கையில் 2017 முதல் பாடசாலை மாணவியருக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி அளிக்கப்படுகிறது. குரோமோசோமுக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்ட வைரஸை அகற்ற அத்தடுப்பூசியால் இயலாது. எனவேதான், தொற்று ஏற்படும் முன்பே, சிறு வயதில் அதைப் போட வேண்டுமென மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர்.