கணினியைக் கற்பிப்பது எப்படி? உலகின் ஆய்வு மாநாடுகளும் மட்டக்களப்பு வாவிக்கரை வகுப்பறைகளும்

படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் படித்த மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைத் தமிழ் மொழிமூலம் கற்றாள். நல்ல பெறுபேறு. பல்கலைக்கழக அனுமதியும் கிடைத்தது. முதலாம் ஆண்டில் செய்நிரலாக்கப் பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கிறது. முதற் பரீட்சையில் தவறுகிறாள். "கெட்டித்தனம் காணாது" என்கிறது ஊர். "ஆங்கிலம் காணாது" என்கிறது வகுப்பு. அவளும் அதை நம்பிவிடுகிறாள்.

பாடம் கற்பிக்கப்பட்ட முறை சரியா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. உலகில் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஒரு ஆய்வுத்துறை இருக்கிறது. கணிமைக் கல்வி ஆய்வு என்பது அதன் பெயர். அதற்கெனத் தனி மாநாடுகள் ஆண்டுதோறும் கூடுகின்றன. அவை எவை, என்ன கண்டறிந்தன, வாவிக்கரைக்கு அவற்றால் என்ன பயன் என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

எங்கே, எப்போது தொடங்கின?

கணினி அறிவியல் ஆசிரியர்களுக்கான முதலாவது பெரிய ஆய்வரங்கு 1970இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் நடந்தது. கணிமைத் துறையின் உலகளாவிய சங்கமான ஏசிஎம் அமைப்பின் கல்விப் பிரிவு அதனை நடத்தியது. அந்த அரங்கு இன்றும் தொடர்கிறது. 1996இல் பார்சிலோனாவில் ஐரோப்பாவுக்கான மாநாடு தொடங்கியது. 2005இல் சியாட்டிலில் ஆய்வுக்கு மட்டுமேயான "ஐசர்" மாநாடு தொடங்கியது. 2019இல் சீனாவின் செங்டுவிலும் 2023 டிசம்பரில் இந்தியாவின் ஹைதராபாத்திலும் "கொம்ப்எட்" என்ற உலக மாநாடு கூடியது. ஹைதராபாத் எமக்கு அதிக தூரமில்லை.

இவற்றுள் எம்மவர் கவனிக்கவேண்டியது பின்லாந்தின் "கோலி கோலிங்". பின்லாந்தின் கிழக்குப் பகுதியில், பியலினன் ஏரியைப் பார்த்தபடி நிற்கும் குன்று கோலி. தலைநகரிலிருந்து வெகு தூரம். 2001இல் அங்கே பின்லாந்தையும் போல்டிக் கடற்கரை நாடுகளையும் சேர்ந்த ஆசிரியர்கள் சிறு தொகையினராகக் கூடினர். இன்று அது இத்துறையில் மதிக்கப்படும் பன்னாட்டு மாநாடு. பெருநகரமும் பெரும்பணமும் இல்லாமல், ஏரிக்கரையில், தம் வகுப்பறைக் கேள்விகளுடன் கூடியவர்கள் தொடங்கியது அது.

மாநாட்டில் என்ன நடக்கிறது?

எமது ஊர்களில் மாநாடு என்றால் மங்கல விளக்கு, மாலை, பிரதம அதிதி உரை, மதிய போசனம் என்றுதான் நினைவுக்கு வரும். இங்கு வேலை பல மாதங்களுக்கு முன்னரே தொடங்கிவிடும். ஆய்வுக் கட்டுரையை அதே துறை சார்ந்த வேறு ஆய்வாளர்கள் வாசித்து, சான்று போதுமா என்று பார்த்து, ஏற்கிறார்கள் அல்லது திருப்பி அனுப்புகிறார்கள். ஐசர் மாநாட்டில் ஒருவர் தன் ஆய்வைச் சொல்லி முடித்ததும் சபையினர் மேசை மேசையாகத் தமக்குள் பேசி, பிறகே கேள்வி கேட்பார்கள். ஐரோப்பிய மாநாட்டில் பல நாட்டு ஆசிரியர்கள் பணிக்குழுவாகச் சேர்ந்து, தத்தம் மாணவரிடம் தரவு திரட்டி, ஒரே அறிக்கையாக எழுதுவார்கள்.

2001இல் அப்படியொரு பணிக்குழு வெளியிட்ட அறிக்கை துறையையே உலுக்கியது. நான்கு பல்கலைக்கழகங்களில் செய்நிரலாக்கம் கற்ற 216 மாணவருக்குச் சில பயிற்சிகள் கொடுக்கப்பட்டன. 110 புள்ளிகளுக்கு அவர்கள் பெற்ற சராசரி 23ஐக்கூடத் தொடவில்லை. 2004இல் இன்னொரு குழு ஏழு நாட்டு மாணவரைச் சோதித்தது. எழுதுவதை விடுங்கள், ஏற்கெனவே எழுதப்பட்ட சிறிய செய்நிரலை வாசித்து அதன் விடையைச் சொல்லவே பலர் தடுமாறினர். 2007இல் டென்மார்க்கின் இரு ஆய்வாளர்கள் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களைக் கேட்டுத் திரட்டிய கணக்கின்படி, முதலாவது செய்நிரலாக்கப் பாடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சித்தியடைவதில்லை.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும், வீட்டில் கணினி உள்ளவர்களும், குண்டுச் சத்தம் கேட்டிராதவர்களும் இந்தக் கணக்குகளில் அடக்கம். ஆகவே தடுமாறும் பிள்ளையைப் பார்த்து "கெட்டித்தனம் காணாது" என்பதற்கு முன் ஒரு கணம் நிற்க வேண்டும். பாடமே கடினமானது. கற்பிக்கும் முறை அதை இலகுவாக்கலாம், மேலும் கடினமாக்கவும் செய்யலாம்.

மின்சாரம் இல்லாமலும் கற்பிக்கலாம்

ஒரு சிறு சோதனை. அ என்ற மாறியில் 5, ஆ என்ற மாறியில் 7. அடுத்த வரி: அ = ஆ. அதற்கடுத்த வரி: ஆ = அ. இப்போது இரண்டிலும் என்ன இருக்கும்? இடம் மாறிவிட்டன, 7உம் 5உம் என்று சொல்லும் மாணவர் எங்கும் உண்டு. சரியான விடை இரண்டிலும் 7. கணித பாடத்தில் சமன் என்று பழகிய அடையாளம் இங்கே "வலப்பக்கத்தில் உள்ளதை இடப்பக்கத்தில் போடு" என்று பொருள்படுகிறது. அ-வில் 7 போட்டவுடன் பழைய 5 அழிந்துவிட்டது. ஒரு குவளையில் பாலும் ஒன்றில் தண்ணீரும் இருந்தால், மூன்றாவது குவளை இல்லாமல் அவற்றை இடம்மாற்ற முடியாது என்று காட்டினால் பிள்ளைக்குச் சட்டென்று விளங்கும். இப்படியான பிழை விளக்கங்களை வரிசைப்படுத்தி, எதனால் வருகின்றன என்று தேடுவது இத்துறையின் முக்கிய வேலை.

அது கண்ட சில முறைகளுக்குக் கணினியே தேவையில்லை. 2006இல் நியூசிலாந்தின் டேல் பார்சன்ஸ், பற்றீசியா ஹேடன் இருவரும் அறிமுகப்படுத்திய பயிற்சியில், சரியான செய்நிரலின் வரிகள் குழப்பித் தரப்படும். மாணவர் அவற்றை ஒழுங்காக அடுக்க வேண்டும். கடதாசித் துண்டுகளை வெட்டிக்கொண்டு மாமர நிழலிலும் இதனைச் செய்யலாம். அதே நாட்டின் கன்ரபரி பல்கலைக்கழகத்தில் டிம் பெல்லும் சகாக்களும் கணினி இல்லாக் கணினிப் பாடங்களை உருவாக்கினர். 16, 8, 4, 2, 1 புள்ளிகள் உள்ள ஐந்து அட்டைகளைத் திருப்பித் திருப்பி இரும எண்களைக் கற்பிப்பது அவற்றில் ஒன்று. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கணினி என்ற நிலையிலுள்ள பாடசாலைக்கு இவை பெறுமதியானவை.

தமிழில் கற்றவர் ஆங்கிலத்தில் கற்கும்போது

எமது நாட்டில் உயர்தரத்தில் இப்பாடம் உண்டு. மும்மொழியிலும் எழுதலாம். பாடவிதானத்தில் பைதன் மொழி உண்டு. பல்கலைக்கழகத்தில் மொழிமூலம் ஆங்கிலமாகிவிடுகிறது. "பாய்ச்சற் கோட்டுப்படம்" என்று கற்றதும் "பணிசெயல் முறைமை" என்று கற்றதும் ஒரே நாளில் வேறு பெயர் பெறுகின்றன. அறிந்த விடயத்தையே அறியாதது என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது.

இதுவும் ஆய்வுக்குரிய கேள்வியாகிவிட்டது. 2017இல் தாஸ்குப்தா, ஹில் ஆகிய ஆய்வாளர்கள், சிறுவருக்கான ஸ்கிராட்ச் மொழியைத் தம் தாய்மொழிக் கட்டளைகளுடன் பயன்படுத்துவோர் புதிய கருத்துகளை விரைவாகக் கையாளத் தொடங்குகின்றனர் என்று கண்டனர். 2018இல் பிலிப் குவோ 86 நாடுகளைச் சேர்ந்த 840 பேரிடம், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் செய்நிரலாக்கம் கற்கும்போது படும் சிரமங்களைக் கேட்டு வெளியிட்டார். எமக்கு மிக அருகில் வருவது அடல்பர்ட் ஜெரால்ட் சூசை ராஜின் ஆய்வு. தமிழ்நாட்டு மாணவருக்குத் தரவுக் கட்டமைப்புகள் என்ற பாடத்தைத் தமிழும் ஆங்கிலமும் சேர்த்துக் கற்பித்தால் கற்றலிலும் வகுப்பு ஈடுபாட்டிலும் என்ன மாற்றம் வரும் என்று அவரும் சகாக்களும் ஆராய்ந்தனர். அந்தக் கட்டுரை 2019இல் கோலி கோலிங் மாநாட்டில் வந்தது. பின்லாந்து ஏரிக்கரையில் தமிழ் வகுப்பறை பேசப்பட்டது. அங்கே பேசப்பட்டது தமிழ்நாட்டு வகுப்பறை. எமது பிள்ளைகள் பள்ளியில் முழுமையாகத் தமிழில் கற்றுவிட்டு வருகிறவர்கள். அவர்களின் நிலை தனியாக ஆராயப்பட வேண்டியது.

வாவிக்கரைக்குப் புதிதல்ல

வாவிக்கரைக்குத் தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அறிவியலைத் தமிழில் கற்பிக்கச் சொற்கள் வேண்டும், அவற்றை ஒருவர் தனியே இருந்து ஆக்கக்கூடாது, பலர் கூடி ஆராய்ந்து ஆக்க வேண்டும் என்பதே அந்த முயற்சியின் அடிப்படை. கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவரும் அவரே. பள்ளிக்கூடம் நடத்தியவரே மாநாட்டுக்கும் தலைமை தாங்கினார்.

அந்த வழி தொடரவில்லை என்றால் காரணம் அக்கறையின்மை மட்டும் அல்ல. 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான வளாகம், 1990இல் அகதி முகாமானது. அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து படையினரால் கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பவில்லை. 2006 டிசம்பர் 15ஆம் திகதி அதன் துணைவேந்தர் பேராசிரியர் சி. இரவீந்திரநாத் கொழும்பில் காணாமலாக்கப்பட்டார். இலங்கை விஞ்ஞான மேம்பாட்டுச் சங்கத்தின் வருடாந்த அமர்வுக்காகச் சென்றிருந்த நேரம் அது. ஆய்வு மாநாட்டுக்குப் போன துணைவேந்தர் வீடு திரும்பாத பல்கலைக்கழகம் இது. மாநாடு என்ற சொல்லை நாம் இலேசாகச் சொல்ல முடியாது.

இதே யுத்தம்தான் முஸ்லிம் மாணவர்களை வந்தாறுமூலையிலிருந்து விலக்கியது. 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாகக் காரணமானது. இன்று ஏறாவூர், காத்தான்குடி, ஒலுவில் மாணவரும் வாகரை, வவுணதீவு, மண்டூர் மாணவரும் ஒரே மொழியில், ஒரே பாடநூலில் இப்பாடத்தைக் கற்கிறார்கள். தடுமாறும் இடமும் ஒன்றே. சேர்ந்து ஆராய வேண்டியதும் ஒன்றே.

எங்கிருந்து தொடங்கலாம்?

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்தவை எனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுள் இதுவும் ஒன்று. அந்த ஒதுக்கீடு பிள்ளையை வாசல் வரை கொண்டுவரும். உள்ளே போனபின் தாங்குவது கற்பித்தல்தான்.

தொடங்குவதற்கு மண்டபம் வேண்டியதில்லை. ஆசிரியர் ஒருவர் ஒரு தவணைப் பரீட்சையின் விடைத்தாள்களை எடுத்து, பெயர்களை நீக்கி, எந்த வினாவில் எந்த வகைப் பிழை எத்தனை தடவை வந்தது என்று எழுதிவைக்கலாம். வலயத்துக்கு இருவர் அப்படிச் செய்தால் பத்துப் பேரின் குறிப்பு கிடைக்கும். பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் முதலாம் ஆண்டு மாணவரின் பிழைகளையும் அதனுடன் சேர்த்துப் பார்த்தால், பாடசாலையில் தொடங்கிய குழப்பம் எது, மொழி மாறியதால் வந்தது எது என்று பிரித்தறியலாம். ஒரு சனிக்கிழமை கூடி அதைப் பேசினால் அது சிறு மாநாடு. எழுதி வெளியிட்டால் அது ஆய்வு. 2001இல் கோலிக் குன்றில் கூடியவர்கள் செய்ததும் ஏறத்தாழ இதுதான்.

மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை, அந்தத் துறையில் அக்கரைப் பிள்ளை இக்கரைக்கு வரப் படகுப் பாதைக்குக் காத்திருந்தது. அதற்காக அப்பிள்ளையை யாரும் குறை சொல்லவில்லை. பாலம் இல்லை என்றுதான் சொன்னோம். முதற் பரீட்சையில் தவறிய மாணவியின் விடயத்திலும் அதே நியாயத்தோடு பேசப் பழக வேண்டும்.