புட்டிச் சுவரும் மண்சுவரும்

நெவாடாவின் ரையோலைட் ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் புட்டி வீட்டின் முன் போய் நிற்கிறார்கள். 1904 ஆகஸ்டில் ஷார்ட்டி ஹாரிஸ், எட் கிராஸ் என்ற இருவர் அந்தப் பக்கத்தில் தங்கம் கண்டார்கள். 1905இல் ஊர் எழுந்துவிட்டது. பாலையில் மரம் அருமை, மதுக்கடைகளுக்குக் குறைவில்லை. டாம் கெல்லி என்பவர் காலிப் புட்டிகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து, மண்சாந்தில் படுக்கவைத்து அடுக்கி, 1906 வாக்கில் வீடு கட்டி முடித்தார்.

மின்சாரம், பத்திரிகை, மூன்றடுக்கு வங்கி, மூன்று ரயில் பாதைகள் எல்லாம் வந்தன. 1907இல் அமெரிக்காவில் பணநெருக்கடி. 1910 கணக்கெடுப்பில் ஊரின் ஜனத்தொகை 675. 1911இல் மாண்ட்கோமரி ஷோஷோன் சுரங்கம் மூடப்பட்டது. 1916இல் மின்சாரம் நின்றது. கட்டடங்கள் பலவற்றைப் பிரித்துப் பக்கத்து ஊரான பியாட்டிக்கு எடுத்துப்போனார்கள். புட்டி வீட்டை 1925இல் ஒரு சினிமாக் கம்பெனி படமெடுப்பதற்காகப் பழுதுபார்த்தது. வீடு பிழைத்தது.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு உறுத்துவது சுரங்கத்தின் பெயர். அதில் பாதி அந்தப் பாலையின் பழைய குடிகளுடையது. ஆனால் ரையோலைட் பற்றிய வர்ணனைகளில் அவர்கள் பெரும்பாலும் பெயராக மட்டுமே வருகிறார்கள்.

தென்மேற்கே மலைகளைத் தாண்டினால் மரணப் பள்ளத்தாக்கு. 1849இல் கலிபோர்னியத் தங்கத்தைத் தேடி வழிதவறியவர்கள் வைத்த பெயர் அது. அங்கேயே வாழ்ந்த டிம்பிஷா ஷோஷோன் மக்களின் பெயரோ அந்த மண்ணின் செங்காவியோடு தொடர்புள்ளது. குளிர்காலத்தில் பள்ளத்தாக்கின் ஊற்றுகளருகே இருப்பார்கள், கோடையில் மலையேறிவிடுவார்கள். மெஸ்கீட் மரத்தின் காய்களை இடித்து மாவாக்குவார்கள். இலையுதிர் காலத்தில் மலைப் பைன் மரங்களின் கொட்டைகளைச் சேர்ப்பார்கள். ஆறே ஆண்டுகளில் உச்சிக்குப் போய்ச் சரிந்த ஊரைக் குடியேற்றம் என்றும், பல தலைமுறையாக நடந்துவந்த இந்தப் போக்குவரத்தை அலைச்சல் என்றும் எப்படிச் சொல்ல முடிந்தது?

1933இல் பள்ளத்தாக்கு தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1936 வாக்கில் ஃபர்னஸ் கிரீக்கில் அம்மக்களுக்குப் பச்சைமண் கல் வீடுகள் எழுந்தன. 1957இல் வந்த வீட்டு விதிகளுக்குப் பின், ஆட்கள் வெளியேறிய வீடுகளைப் பூங்கா நிர்வாகம் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்தது. ஆண்டுக்குச் சுமார் 2 அங்குலம் மழை பெய்யும் இடத்தில் தண்ணீர் இதற்குச் செலவாயிற்று. சிலர் போக மறுத்து இருந்துவிட்டார்கள். 1983இல் மத்திய அரசு அவர்களை ஓர் இனக்குழுவாக அங்கீகரித்தது. 2000இல் இயற்றப்பட்ட சட்டம் ஏறக்குறைய 7,700 ஏக்கர் நிலத்தைத் திருப்பித் தந்தது. அதில் 300 ஏக்கருக்குச் சற்று அதிகம் ஃபர்னஸ் கிரீக்கில்.

சிதிலத்தின்மேல் நமக்கு, எழுதுகிறவர்களுக்கு, ஒரு மோகம் இருக்கிறது. ஆளற்ற வங்கிச் சுவரும் வெயிலில் நிறம் மாறிய புட்டியும் உடனே படிமமாகிவிடுகின்றன. கரைக்கப்பட்ட மண்சுவர் படிமமாவதில்லை. பார்க்க அங்கே எதுவும் மிச்சமில்லை. மேலும், அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள், பேசுகிறார்கள். பேசுகிறவர்களை வைத்துச் சோகக் கவிதை எழுதுவது கடினம். பாலையின் சரித்திரத்தை எழுதப்போகிறவர் இந்தக் கடினத்திலிருந்துதான் தொடங்கவேண்டும். கெல்லியின் புட்டிகளைத் தாங்கி நிற்பதும் அந்த மண்தானே.