இணைபாலிமர் ரப்பர்: கட்டமைப்பும் உருத்திரிபும்

இருவேறு இயல்புடைய அலகுகள் ஒரே சங்கிலி மூலக்கூறில் நீண்ட தொகுதிகளாகத் தொடர்ந்தோ, ஒன்றன் உடலில் மற்றொன்று கிளையாக ஒட்டியோ அமைந்த பதார்த்தம் இணைபாலிமர் வகைகளுள் ஒன்றாகும். இப்பகுதிகள் ஒன்றோடொன்று கலவாத சுபாவமுடையவை. ஆயினும் பிணைப்பினால் கட்டுண்டமையின் முற்றாகப் பிரிந்து செல்லவும் இயலாமல், ஒரு மில்லிமீட்டரின் பதினாயிரத்தில் ஒரு பங்கினும் சிறிய கோளங்களாகவும் உருளைகளாகவும் தகடுகளாகவும் உள்ளுக்குள்ளே ஒதுங்கி நிற்கின்றன. இத்தகைய பொருள் இழுவிசைக்கு எந்த அளவில் எதிர்ப்பை விட்டு இணங்கும் என்பதைச் சேர்மானத்தின் விகிதாசாரத்தைவிட அதன் உள்ளடுக்கே பெரிதும் நிர்ணயிக்கிறது.

இவ்வுண்மை முதலில் துலங்கிய பொருள்களுள் ஒன்று மலாயாவின் தோட்டங்கள் தந்த ரப்பர். நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன் மாவட்டத்தைச் சேர்ந்த லுக்குட், 1847இல் ராஜா ஜுமாத் கோட்டை எழுப்பிய காலத்தில் ஈயச் சுரங்கங்களால் செழித்த ஊர். அச்செழிப்பு ஓய்ந்தபின், சிரம்பானைப் போர்ட்டிக்சன் துறைமுகத்தோடு இணைத்த 1891ஆம் ஆண்டு ரயில் பாதை ஏற்றுமதிக்கு வழி திறந்து வைக்க, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வட்டாரமெங்கும் பால்மரங்கள் எழுந்தன. விடியுமுன் பெரட்டுக்களம் என்னும் ஆள்கணக்கெடுக்கும் இடத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரம் சீவச் சென்ற தமிழ்த் தொழிலாளர் கொணர்ந்த பால், ஸ்டோர் என்னும் தோட்டத்து ஆலையில் பார்மிக் அமிலத்தால் உறைய வைக்கப்பெற்று, தகடாக அழுத்தப்பெற்று, புகையில் உலர்ந்து ஷீட்டாயிற்று. ஒரேவகை அலகாலான அந்த ரப்பர் நீளும், மீளும். ஆனால் தன்னளவில் விறைப்பென்பது அதற்கில்லை. கந்தகத்தோடும் கரித்தூளோடும் சேர்த்தே அதற்கு வலிவூட்ட வேண்டியிருந்தது.

மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் தோன்றியது. இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில் ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தின் ஆராய்ச்சிசாலை 1938இல் அமைந்தது. செயற்கை ரப்பரின் போட்டி கடுமையாகிய 1950களில் இவ்விரண்டாவது நிலையத்தார், அம்மோனியா இட்ட பாலில் மீதைல் மெதாக்ரிலேட் என்னும் திரவத்தையும் பெராக்சைடு வகைத் தூண்டியையும் கலந்து, தோட்டத்து நாற்றில் உயர்ந்த இனத்தின் மொட்டை ஒட்டுவதுபோல, ரப்பர்ச் சங்கிலியின்மீது கண்ணாடியொத்த கடினப் பாலிமரைக் கிளைக்கச் செய்தனர். ஹெவியாபிளஸ் எம்.ஜி. என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது, எம்.ஜி. 30, எம்.ஜி. 49 என்ற எண்கள் கடினப் பகுதியின் சதவிகிதத்தைக் குறிப்பவை.

இதைக் கொண்டு அந்நிலையத்து ஆய்வாளர் மெரெட் நிகழ்த்திய பரிசோதனை இத்துறையின் மூலஸ்தானத்தில் வைக்கத் தக்கது. இரு பகுதிகளையும் கரைக்கவல்ல பென்சீனில் ஒட்டுரப்பரைக் கரைத்து, ஒரு பங்கில் மெதனால் சேர்த்தார்; அது ரப்பர்ச் சங்கிலிகளைச் சுருளச் செய்து கடினக் கிளைகளை விரிந்தபடியே விட்டது. மற்றொரு பங்கில் பெட்ரோலிய ஈதர் சேர்த்தபோது கிளைகள் சுருண்டு ரப்பர் விரிந்து நின்றது. இரண்டையும் உலர்த்தியபோது முன்னது விறைத்த ஏடாகவும், பின்னது தொய்ந்த மெல்லேடாகவும் அமைந்தன. சேர்மானத்தில் அணுவளவும் பேதமில்லை. எந்தப் பகுதி இடையறாது தொடர்ந்து மற்றதைச் சூழ்ந்திருந்ததோ, விசையை அதுவே தாங்கிற்று. சேர்மானத்தை அறிந்தால் குணத்தை அறிந்துவிடலாம் என்று எண்ணியிருந்தோர்க்கு இது போதிய மறுமொழி.

கிளைவகையை அடுத்துத் தொகுதிவகையும் வந்தது: 1965இல் அமெரிக்காவில் ஷெல் நிறுவனம் கிரேட்டான் என்னும் ஸ்டைரீன், பூட்டாடையீன், ஸ்டைரீன் என்ற மூன்று தொகுதி வரிசையுடைய ரப்பரை வெளியிட்டது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ கெல்லரும் துணைவரும் 1970 அளவில், இவ்வகை ரப்பரில் கடினப் பகுதியாகிய ஸ்டைரீன் அமைத்த உருளைகளை ஒரே திசையில் ஒழுங்குறச் செய்து, உருளைவாக்கில் அதன் விறைப்பு குறுக்குவாக்கிலிருப்பதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு எனக் காட்டினர். கடினப் பகுதி இடைவிடாது தொடர்ந்திருக்கும் மாதிரியை முதன்முறை இழுத்தால், சிறு நீட்சியிலேயே எதிர்ப்பு உச்சத்தை எட்டி, இடையில் கழுத்துப்போல் ஒடுங்கி இணங்கிவிடும். அதன்பின் அது ரப்பராகவே நடந்துகொள்ளும். இம்மென்மைக்குக் கடினப் பகுதிகள் துண்டுபடுவதே காரணம். ரப்பர்ச் சங்கிலிகளின் வழுவலைக் காரணமாக்குவோர் கூற்று இரண்டாந்தரமானதே. சூடேற்றினால் துண்டுகள் மீண்டும் கூடி, இழந்த விறைப்பு திரும்புகிறது. தகடடுக்குகளை அவற்றிற்குச் செங்குத்தாக இழுக்கும்போது, அவை முறியுமுன் கோணல்மாணலாக மடிகின்றன.

ஒட்டுரப்பர் காலணித் தொழிலில் பசையாகப் பயன்பட்டது, எம்.ஜி. 49 லித்தியம் மின்கலத்தின் மின்பகுபொருளாகவும் மலேசியாவில் ஆராயப்பட்டுள்ளது. லுக்குட் வட்டாரத்துத் தோட்டங்கள் பலவற்றில் இப்போது எண்ணெய்ப்பனை நிற்கிறது.