ஒரு ஜாடி தேனும் ஒரு பெயரும்

பதின்வயதினருக்கு எழுதப்படும் புனைகதைகளில் ஓர் இடம் திரும்பத் திரும்ப வரும். ஜேம்ஸ் டாஷ்னரின் ‘தி மேஸ் ரன்னர்’ (2009) நாவலில், நினைவு அழிக்கப்பட்ட பையன்கள் சிலர், இரவில் சுவர்கள் இடம் மாறும் பிரம்மாண்டமான சுற்றுப்பாதைக்கு நடுவே அடைபட்டுக் கிடக்கிறார்கள். ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் வரிசையில் நான்காவது புத்தகம் பெரும்பாலும் அப்படியொரு பாதைக்குள்தான் நடக்கிறது. ‘ஹங்கர் கேம்ஸ்’ எழுதிய சூசன் காலின்ஸ், தன் கதைக்கு விதை தீசியஸின் கதை என்று சொல்லியிருக்கிறார்.

அந்தப் பழங்கதையிலும் உள்ளே போகிறவர்கள் இளையவர்களே. ஏதென்ஸ் நகரம் ஏழு பையன்களையும் ஏழு பெண்களையும் கிரீட் தீவின் அரசன் மினோஸுக்குத் திறையாக அனுப்புகிறது. அங்கே சுற்றுப்பாதைக்குள் இருக்கும், காளைத் தலை கொண்ட மினோட்டாருக்கு அவர்கள் இரை. தீசியஸ் அதைக் கொன்றுவிட்டு, அரசனின் மகள் அரியாட்னி தந்த நூலைப் பிடித்தபடி வெளியே வருகிறான். துப்பறியும் கதைகளில் ‘க்ளூ’ என்கிறோமே, அது நூலுருண்டையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். அது தடயம் என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது இந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான்.

அந்த இடத்துக்குக் கிரேக்கர் வைத்திருந்த பெயர் லபுரிந்தோஸ். ஆங்கிலம் வழியாக நமக்கு வந்தது லேபிரிந்த். தமிழில் புதிர்ப்பாதை என்றோ சுழல்வழி என்றோ எழுதலாம், பொருள் வந்துவிடும். ஆனால் பெயரின் வயது அதில் வராது. எனக்கு வேண்டியது அந்த வயது.

முதலில் சொல்லின் வாலைப் பார்க்கலாம். ‘-இந்தோஸ்’ என்று முடியும் பெயர்கள் கிரேக்கத்தில் பல உண்டு. கொரிந்தோஸ் ஓர் ஊர். ஹியாகிந்தோஸ் ஒரு பூ. இந்த ஈற்றைக் கிரேக்க இலக்கணத்தைக் கொண்டு விளக்க முடியாது. கிரேக்கம் பேசியவர்கள் அந்த மண்ணுக்கு வருமுன்பே அங்கிருந்த ஏதோ ஒரு மொழியின் எச்சம் அது என்பதே மொழியியலாரின் பொதுக்கருத்து. ஊர்ப்பெயர்களைத் தோண்டிப் பழகிய நமக்கு இது புதிதல்ல. பேசுகிறவர்கள் மாறிப்போனாலும் மண்ணின் பெயர் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

தலைப்பகுதிதான் சிக்கல். லிடியா நாட்டு மொழியில் கோடாலிக்கு ‘லாப்ரிஸ்’ என்று பெயர் என புளூட்டார்க் எழுதி வைத்திருந்தார். 1892இல் மாக்ஸ் மாயர் என்ற ஜெர்மானிய அறிஞர் இதை லபுரிந்தோஸோடு சேர்த்தார். 1900 மார்ச்சில் ஆர்தர் எவன்ஸ் கிரீட்டில் நோசோஸ் அரண்மனையைத் தோண்டத் தொடங்கினார். தூண்களிலும் சுவர்களிலும் இருபக்கக் கோடாலியின் உருவம் கீறப்பட்டிருந்தது. முடிந்தது விசாரணை: லேபிரிந்த் என்றால் ‘இரட்டைக் கோடாலியின் இல்லம்’! கேட்கவே அழகாக இருக்கிறது. சுற்றுலாக் கையேடுகள் இன்றும் அதைத்தான் சொல்கின்றன.

எனக்கு இந்த அழகின்மீது நம்பிக்கை இல்லை. லாப்ரிஸ் லிடியச் சொல். கிரேக்கத்தில் கோடாலிக்குப் ‘பெலெகுஸ்’ என்ற வேறு சொல் இருக்கிறது. கிரீட்டுக்காரர்கள் தங்கள் கோடாலியை லாப்ரிஸ் என்று அழைத்ததற்கு ஒரு சான்றும் இல்லை. ஒலி ஒத்துப்போனால் உறவு என்று முடிவு கட்டுவது சொல்லாராய்ச்சியில் எப்போதும் வருகிற மயக்கம். ஆங்கில ‘மேஸ்’ நம் ‘மயக்க’த்தோடு ஒலியிலும் பொருளிலும் உரசுகிறது. அதற்காக இரண்டையும் ஒரே குடும்பத்தில் சேர்த்துவிடலாமா? சேர்க்கக்கூடாது.

கோடாலிக் கதையை அசைக்கும் சான்று எவன்ஸின் கைகளிலேயே இருந்தது. அவர் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் லீனியர் பி என்று அவர் பெயரிட்ட எழுத்து இருந்தது. அதை அவரால் படிக்க முடியவில்லை. 1936இல் லண்டன் பர்லிங்டன் ஹவுஸில் நடந்த கண்காட்சிக்குப் பள்ளியிலிருந்து மாணவர்கள் போயிருந்தார்கள். அவர்களில் ஒருவன் 14 வயது மைக்கேல் வென்ட்ரிஸ். அங்கே இருந்த எவன்ஸுக்கு அப்போது வயது 85. இந்த எழுத்தை இன்னும் யாரும் படிக்கவில்லை என்பதை அந்தப் பையன் அங்கே கேட்டுக்கொண்டான். அதன்பின் அவனை அது விடவில்லை. 18 வயதில் அமெரிக்கத் தொல்லியல் ஆய்விதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினான், வயதைச் சொல்லாமல். அவர்கள் அச்சிட்டார்கள்.

புனைகதை என்றால் அவன் தனியாகவே வென்றிருப்பான். நடந்தது அப்படி இல்லை. நியூயார்க் புரூக்ளின் கல்லூரியில் பாடம் நடத்திய ஆலிஸ் கோபர், போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் கிடைத்த தாள்களையெல்லாம் துண்டுகளாக்கி, குறிகளின் வரவுகளைப் பதிந்து, சிகரெட் அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். இந்த மொழியில் சொல்லின் ஈறு வேற்றுமைக்கு ஏற்ப மாறுகிறது என்று காட்டியவர் அவர்தான். எழுத்து படிக்கப்படும் முன்பே, 1950இல் இறந்துபோனார். கட்டடக் கலைஞராகிவிட்ட வென்ட்ரிஸ் அந்த வழியிலேயே மேலே நடந்தார். கதவைத் திறந்தவை பெயர்கள். அ-மி-னி-சோ என்று படிக்க முடிந்த சொல், ஹோமர் சொல்லும் அம்னிசோஸ் துறைமுகம். கோ-னோ-சோ என்பது நோசோஸ். மொழி கிரேக்கமாக இருக்காது என்று நெடுங்காலம் நம்பியிருந்தவர், 1952 ஜூலை 1 அன்று பிபிசி வானொலியில் அது கிரேக்கமே என்று அறிவித்தார். 1956இல் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 34.

இனி நம் பெயர். நோசோஸில் கிடைத்த பலகை ஒன்றில் இரண்டு வரிக் கணக்கு இருக்கிறது. எல்லாத் தெய்வங்களுக்கும் தேன் ஒரு ஜாடி. அடுத்த வரி: டா-பு-ரி-தோ-யோ போ-தி-னி-யா, தேன் ஒரு ஜாடி. ‘போத்னியா’ என்றால் நாயகி, தலைவி. ‘யோ’ நம் ‘உடைய’ போன்ற உருபு. முன்னால் இருக்கும் டா-பு-ரி-தோவை லபுரிந்தோஸ் என்றே பெரும்பாலோர் படிக்கிறார்கள். லேபிரிந்தின் நாயகிக்கு ஒரு ஜாடி தேன்! மற்றத் தெய்வங்கள் அனைத்துக்கும் சேர்த்து ஒரு ஜாடி, இவளுக்கு மட்டும் தனியாக ஒன்று. இதை முதன்முதலாகப் படித்த நாளில் வெகுநேரம் அந்த இரண்டு வரியிலேயே நின்றிருந்தேன். மினோட்டார் இல்லை, இரையாகும் பிள்ளைகள் இல்லை. ஒரு தேவியும் அவளுக்கான படியும் மட்டும்.

‘லா’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டா’ வந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். லீனியர் பியில் ப, ப(b) வேறுபாடு கிடையாது. பலம் என்று எழுதிவிட்டு இடம் பார்த்துப் படிக்கும் நமக்கு அது பழக்கமே. ஆனால் ட வரிசைக்கும் ல-ர வரிசைக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. எழுதியவர் தெரிந்தேதான் ‘டா’ எழுதியிருக்கிறார். கிரேக்கருக்கு வேற்றொலியாக இருந்த ஏதோ ஒன்றை ஒரு காது ட என்றும், இன்னொரு காது ல என்றும் வாங்கியிருக்க வேண்டும். ஒடிஸியஸ் லத்தீனில் உலிக்ஸஸ் ஆனதும் இப்படித்தான். முள்+செடி முட்செடி ஆகும் மொழியில் பிறந்தவருக்கு, நாக்கு அந்த இரண்டு இடங்களுக்கு நடுவே எவ்வளவு எளிதாக நகரும் என்று சொல்லித் தரவேண்டியதில்லை. லாப்ரிஸ் கோடாலிக்கு இந்த ‘டா’ பெரிய இடைஞ்சல்.

பெயர் பின்னாளில் ஊர் ஊராகப் போனது. எகிப்தின் ஹவாராவில் மூன்றாம் அமெனெம்ஹெத் கட்டிய பெருங்கோயிலை, 3,000 அறைகள் கொண்ட லேபிரிந்த் என்றார் ஹெரோடோட்டஸ். மருத்துவர்கள் உட்செவியின் வளைவுகளுக்கு அதை வைத்தார்கள். மீனியலார், செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக இருந்து காற்றை வாங்கும் உறுப்புக்கு வைத்தார்கள். அந்த உறுப்பு உள்ள மீன்களில் ஒன்று நம் பனையேறிக் கெண்டை. 

பெயரைப் போல வடிவமும் ஓரிடத்தில் நிற்கவில்லை. நோசோஸ் நாணயங்களில் உள்ள ஏழு சுற்று லேபிரிந்த் வடிவம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கல் பரப்பிச் செய்யப்பட்டிருக்கிறது. மக்கள் அதை ஏழு சுற்றுக் கோட்டை என்கிறார்கள். கிரேக்கச் சொல் எதையும் விளக்குவதில்லை. நம் சொல் பார்த்ததை எண்ணிச் சொல்கிறது. பொள்ளாச்சிக்கு அருகே கெடிமேட்டில் 2015இல் தெரியவந்தது சதுரமாக, பக்கத்துக்கு 56 அடி. அதே சதுர வடிவம் கிரேக்கத்துப் பைலோஸில் கிடைத்த, சுமார் 3,200 ஆண்டுப் பழைய களிமண் பலகை ஒன்றிலும் இருக்கிறது. முன்புறம் ஆட்களின் பெயர்களோடு ஆடுகளைப் பட்டியலிட்ட லீனியர் பி கணக்கு. பின்புறம், எழுதியவர் கீறிப் பார்த்த ஏழு சுற்று.