நள்ளிரவில் வாசலுக்கு வரும் வெள்ளம்: பினாங்கு குடும்பங்கள் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை

வெள்ளம் என்றால் கிளந்தான், திரெங்கானு என்றுதான் பினாங்கில் நாம் நெடுங்காலம் பேசி வந்தோம். 2017 நவம்பர் 4, சனிக்கிழமை அந்தப் பேச்சை மாற்றிவிட்டது. அன்று பிற்பகல் தொடங்கிய மழை விடியும்வரை ஓயவில்லை. பலத்த காற்றில் மரங்கள் வேரோடு சாய்ந்து சாலைகளை அடைத்தன. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது; சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டரைத் தாண்டியது. அதிகாலையிலேயே மாநில அரசு இராணுவத்தின் உதவியைக் கேட்க வேண்டியதாயிற்று. தீவிலும் செபராங் பிறையிலும் ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேறினர். ஏழு பேர் இறந்தனர். அவர்களில் பலர் முதியவர்கள்.

அந்த ஏழு உயிர்களை நினைத்துப் பார்த்தால், நம் வீடுகளில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் உள்ளே வந்தால், நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது, எங்கே கொண்டு போவது? இதற்குப் பதில் இல்லாத வீட்டில் டார்ச் லைட்டும் பிஸ்கட் பொட்டலமும் இருந்து பெரிய பயனில்லை.

பினாங்குத் தீவில் வெள்ளம் ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள வரைபடம் வேண்டாம். தண்ணீர்மலை கோயில் படியில் நின்று பார்த்தாலே தெரியும். பின்னால் மலை, முன்னால் நகரம், அதற்கப்பால் கடல். பினாங்கு மலையின் உயரம் 833 மீட்டர். அங்கே விழும் மழை சில கிலோமீட்டர் ஓடினால் ஜார்ஜ்டவுனுக்கு வந்துவிடும். ஆயர் தெர்ஜுன், ஆயர் ஈத்தாம், டொண்டாங் ஆகிய ஆறுகள் சுங்கை பினாங்கில் சேர்ந்துதான் கடலுக்குப் போகின்றன. ஜாலான் பி. ரம்லி வட்டாரம் தாழ்வான நிலம். கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் ஆற்று நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, அங்கேதான் முதலில் வீடுகளுக்குள் நுழையும்.

கடல் ஏற்றம் எப்போது அதிகம் என்பதை நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே சொல்லும். அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டிக் கடல் வழக்கத்தைவிட மேலே ஏறும். 2017 நவம்பர் 4 பௌர்ணமி நாள். அந்த நாள்களில் கனமழை எச்சரிக்கையும் சேர்ந்து வந்தால் தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் அன்றிரவு காரை மேட்டில் நிறுத்திவிட்டுப் படுப்பது நல்லது.

செபராங் பிறையில் கதை வேறு. அது சமவெளி. வடக்கே கெடா எல்லையில் சுங்கை மூடா, நடுவில் சுங்கை பிறை, தெற்கே பேராக் எல்லையில் சுங்கை கெரியான். மேட்டுப் பகுதியில் பெய்த மழை மெல்ல இறங்கி வரும். இங்கே மழை நின்ற பிறகும் ஆறு ஏறலாம். வந்த தண்ணீர் உடனே வடிவதும் இல்லை. நிபோங் திபால், சுங்கை பாக்காப், புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துத் தோட்டங்களிலும் கம்பங்களிலும் இருப்போருக்கு வெள்ளத்தைவிட அது வடியும்வரை காத்திருக்கும் நாள்கள்தான் பெரிய சோதனை. செம்பனைத் தோட்டத்து மண்சாலை முதலில் மூழ்கினால் வீட்டுக்குள் தண்ணீர் வராமலேயே குடும்பம் துண்டிக்கப்பட்டுவிடும். ஆகவே தீவில் இருப்பவர் விரைவாக வெளியேறத் தயாராக இருக்க வேண்டும். தோட்டத்தில் இருப்பவர் சாலை மூழ்குமுன் வெளியேற வேண்டும், இல்லையென்றால் மூன்று நாளுக்குக் குடிநீர், மருந்து, அரிசி வைத்திருக்க வேண்டும்.

எச்சரிக்கையைப் படிக்கத் தெரிய வேண்டும்

எச்சரிக்கைகள் பெரும்பாலும் மலாயில் வருகின்றன. நான்கு சொற்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கு மூன்று நிலை சொல்கிறது: மஞ்சள் நிறத்தில் 'வஸ்பாடா', அதாவது விழிப்பாக இருங்கள், ஆரஞ்சு நிறத்தில் 'புரோக்', நிலைமை மோசம், சிவப்பில் 'பஹாயா', ஆபத்து. வடிகால், நீர்ப்பாசனத் துறை ஆற்று மட்டத்துக்கு 'வஸ்பாடா', 'அமாரான்', 'பஹாயா' என்று சொல்லும். ஒன்று மழையைப் பற்றியது, மற்றது ஆற்றைப் பற்றியது. தோட்டத்தில் இருப்பவர்கள் இரண்டாவதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். அத்துறையின் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' இணையத்தளத்தில் உங்கள் வட்டார ஆற்றின் மட்டத்தைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகளை நம்பி ஓடவும் வேண்டாம், நம்பிச் சும்மா இருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு லயத்திலும், ஒவ்வொரு அடுக்குமாடி புளோக்கிலும் மலாய் நன்கு படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர், எச்சரிக்கை வந்ததும் தனியே வாழும் முதியவர்களின் கதவைத் தட்டிச் சொல்வார் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். இதற்குச் சங்கமும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம்.

பை ஒன்று, கோப்பு ஒன்று

நம்மவர்கள் பலர் இழந்து பின்னர் அலைவது காகிதங்களுக்காக. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், வீட்டு கிராண்ட் அல்லது வாடகை ஒப்பந்தம், இ.பி.எஃப்., சொக்சோ கடிதங்கள், மருத்துவமனை அட்டை ஆகிய எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரே உறையில் போட்டு, மேல் அலமாரியில் வையுங்கள். எல்லாவற்றையும் படம் பிடித்து வேறு ஊரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் குடும்பங்கள் இதில் இரட்டைக் கவனம் எடுக்க வேண்டும். பழைய பிறப்புப் பத்திரம், தோட்ட நிர்வாகக் கடிதம் போன்றவை போனால், விண்ணப்பத்துக்கான ஆதாரமே போய்விடும்.

பையில் ஒரு வாரத்துக்கான மருந்து. இரத்த அழுத்த மாத்திரையை யாரும் மறப்பதில்லை. குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் இன்சுலினைத்தான் மறக்கிறோம். மின்சாரம் நின்றால் அதற்கு ஐஸ் வைத்த பெட்டி வேண்டும். இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர் வீட்டில் இருந்தால், சாலை அடைபட்டபின் மையத்துக்குப் போக முடியாது. எச்சரிக்கை வந்த அன்றே மையத்தை அழைத்து, மேட்டுப் பகுதியில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது.

தண்ணீர் வாசலுக்கு வரும்போது முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், பிறகு கேஸ் சிலிண்டர் வால்வை மூட வேண்டும். தரையில் ஏற்கனவே தண்ணீர் நின்றால் சுவிட்ச் பக்கம் போகாதீர்கள். நடந்து வெளியேறும்போது லோங்காங் ஓரம் போக வேண்டாம். கலங்கிய தண்ணீர் சாலையை மூடிவிட்டால் சாலை எது, லோங்காங் எது என்று தெரியாது. காலடியில் திடீரென ஆள் ஆழம் வரும். ஓடும் தண்ணீர் முழங்காலைத் தொட்டாலே பெரியவரையும் தள்ளிவிடும். காரையும் அது நகர்த்தும்.

உதவிக்கு 999. தீயணைப்பு மீட்புத் துறை, காவல்துறை, ஆம்புலன்ஸ், பொதுத் தற்காப்புப் படை எல்லாம் இந்த ஓர் எண்தான். மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் 'தாலியான் காசே' எண் 15999. உங்கள் வட்டாரத்துத் துயர்துடைப்பு மையம் எந்தப் பள்ளி, எந்த மண்டபம் என்பதை மழைக்காலத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மலையும் கடலும்

வெள்ளத்துக்கு இரண்டு வாரம் முன்பு, 2017 அக்டோபர் 21 அன்று, தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் புதைந்தனர். அடுத்த ஆண்டு அக்டோபர் 19 அன்று புக்கிட் குக்குஸில் சாலைக் கட்டுமானத் தளத்தில் 9 பேர் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மலைச்சரிவை வெட்டிக் கட்டும்போது முதலில் பலியாவது அங்கே வேலை செய்பவர்கள்தான் என்பதை வீடு வாங்குவோரும் நினைவில் வைக்கலாம்.

பாயா தெருபோங், ஆயர் ஈத்தாம் சரிவுகளில் குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் எளியவை. சுவரிலோ தரையிலோ புதிய விரிசல், திடீரெனப் பிடிக்கும் கதவு, சாயத் தொடங்கிய மரம் அல்லது மின்கம்பம், தடுப்புச் சுவரின் அடியிலிருந்து கசியும் சேற்று நீர். கனமழையின்போது இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் உடனே வெளியேறிவிட்டுப் பிறகு புகார் செய்யுங்கள்.

சுனாமி அரிது, ஆனால் பினாங்குக்கு அது புதிதல்ல. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா கடலில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது இங்கே மணி காலை 8.58. அலை பினாங்கை அடைந்தது பிற்பகல் ஒரு மணிக்கு மேல். நான்கு மணி நேரம் இருந்தும் கடற்கரையில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாட்டில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தனர். இன்று தேசிய எச்சரிக்கை முறையும் கரையோரச் சைரன்களும் உள்ளன. என்றாலும் பத்து பெரிங்கியிலோ பாலிக் பூலாவ் கரையிலோ கடல் திடீரென உள்வாங்கினால் சைரனுக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். ஓர் அலை போனதும் திரும்பி வராதீர்கள், அடுத்தது வரும்.

வீடு திரும்பியபின்

கழுவத் தொடங்குமுன் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, நனைந்த மெத்தை, சலவை இயந்திரம் எல்லாம் தெரிய வேண்டும். மையத்துக்குப் போகாமல் தங்கை வீட்டில் தங்கியவர்களும் கிராமத் தலைவரிடமோ மாவட்ட அலுவலகத்திலோ பெயரைப் பதியுங்கள். பதிவு இல்லாமல் உதவித்தொகை கேட்பது கடினம். கார் காப்புறுதி முழுமையானதாக இருந்தாலும் வெள்ளச் சேதம் தானாக அதில் அடங்காது. 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்ற கூடுதல் பாதுகாப்பைப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். ரோட் டேக்ஸ் புதுப்பிக்கும்போது முகவரிடம் இதைக் கேளுங்கள்.

சேற்றைச் சுத்தம் செய்யும்போது பூட்ஸும் கையுறையும் போடுங்கள். எலிச் சிறுநீர் கலந்த வெள்ள நீர் காலில் உள்ள சிறு புண் வழியே உடலுக்குள் போகும். பிறகு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், கிளினிக்கில் 'வெள்ளத் தண்ணீரில் நின்றேன்' என்று நீங்களாகவே சொல்லுங்கள். டாக்டர் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.