சொல்லிக் கொடுத்தவர்

புடாபெஸ்ட், 1974. கட்டடக்கலை ஆசிரியர் எர்னோ ரூபிக், தான் செய்த க்யூபை நாலு திருகு திருகினார். அவ்வளவுதான், வண்ணங்கள் கலைந்தன. திரும்பச் சேர்க்க, செய்தவருக்கே ஏறக்குறைய ஒரு மாசம் ஆயிற்று!

அதே ஊர், 1982. முதல் உலகப் போட்டி. மின் தாய் என்கிற அமெரிக்க இளைஞர் 22.95 விநாடியில் முடித்துவிட்டு நிமிர்ந்தார். வெறும் விரல் வித்தையா? இல்லை. முறை!

அந்தப் போட்டிக்கு செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வந்திருந்தார் ஜெசிகா ஃப்ரிட்ரிக். அவர் பட்டைதீட்டிய முறை இது: முதலில் அடியில் ஒரு சிலுவை. பிறகு ஒரு மூலைத் துண்டையும் அதற்குரிய ஓரத் துண்டையும் ஜோடி சேர்த்து உள்ளே தள்ள வேண்டும். நாலு ஜோடி போனால் இரண்டு அடுக்கு முடிந்தது. கடைசி அடுக்குக்கு மனப்பாடம்தான். முழுசாகக் கற்க 78 சூத்திரங்கள்!

ஜெயிக்கிற ரகசியத்தை யாராவது வெளியே சொல்வார்களா? ஃப்ரிட்ரிக் சொன்னார். 1997-ல் எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டார். 21 வருஷம் கழித்து, 2003-ல் டொரண்டோவில் மறுபடி உலகப் போட்டி நடந்தபோது அவருக்கு இரண்டாமிடம். அதனாலென்ன? 2023-ல் மேக்ஸ் பார்க் 3.13 விநாடியில் முடித்தாரே, அதுவும் அவர் போட்ட பாதையில்தான்.

உங்களுக்கும் வேகம் வேண்டுமா? மெதுவாகத் திருப்பிப் பழகுங்கள். கை ஒரு ஜோடியைச் சேர்க்கும்போதே கண் அடுத்ததைத் தேடட்டும். நேரத்தைத் தின்பது திருகல் அல்ல, நடுவில் திகைத்து நிற்பதுதான்.